அழித்தாலும் திரும்பி வரும் வைரஸா?

2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் சித்தூர் மாவட்டக் காவல்துறைக் கணினிகளையும் முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வைரஸ் புகுந்துவிட்டால் இவற்றைச் செய்யுங்கள்:

1. விண்டோஸிலேயே இருக்கும் 'டிஃபெண்டர்' ஆன்டிவைரஸை அப்டேட் செய்துவிட்டு நெட்டைத் துண்டியுங்கள். உங்கள் விவரங்கள் வெளியே போவது நிற்கும்.

2. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். திறந்திருக்கும் வேலைகளை முன்பே சேமித்துவிடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால், சாதாரண ஸ்கேனில் ஒளிந்துகொள்ளும் வைரஸும் சிக்கும். கால் மணி நேரம் பொறுங்கள்.

3. பிரவுசரில் நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். விளம்பரங்கள் பெரும்பாலும் இவற்றால்தான் குதிக்கின்றன.

4. ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். போன வைரஸ் அதே வழியில் திரும்பும்.

5. பாஸ்வேர்டுகளைச் செல்போனிலிருந்து மாற்றுங்கள். கணினியில் தட்டுவதை வைரஸ் படித்துக்கொண்டிருக்கலாம்.

6. திருமலை தரிசன டிக்கெட்டுக்குத் தேவஸ்தானத்தின் இணைய முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். தேடலில் போலித் தளங்களும் வரும்.

வைரஸ் நீக்கும் இலவசக் கருவிகள் மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் கிடைக்கும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.