தோட்டத் தொண்டரும் துணைநிற்போரும்

பள்ளி முடித்த இளைஞரைப் பிறநாட்டுத் தொண்டிற்கு அனுப்பும் இயக்கத்தை அலெக் டிக்சன் 1958இல் இங்கிலாந்தில் தொடக்கினார். அத்தகையோரை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் அமர்த்தினால், அமர்த்தியதோடு நம் கடன் தீராது. இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கும். தாய்மாருக்குக் காலையில் வகுப்பு வைக்கும் தொண்டர் வெறும் லயத்தையே காண்பர். “ஒருவரும் வரவில்லை” என்னும் அவர்தம் கடிதத்திற்கு ஆறுதல் எழுதிப் பயனென்ன? நாம் நேரிற் சென்று, அத்தாய்மாரோடு அமர்ந்து, வகுப்பை மாலைக்கு மாற்றல் வேண்டும். சிங்களம் மட்டும் பயின்று வந்தவர்க்குத் தமிழும் கற்பித்தல் வேண்டும்.

மழை வேறு செய்தி. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. சரிவிடத்துத் தொண்டரை எப்போது மீட்பது, லயத்தாரை எங்கே சேர்ப்பது என இரண்டையும் மழைக்கு முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். தொண்டரை மட்டும் வண்டியேற்றி மீளும் மேற்பார்வை நமக்கு வேண்டா.