நாடி பார்க்கும் கடிகாரம்



கச்சிபௌலி விளையாட்டரங்கின் அருகே விடியற்காலையில் நடைப்பயிற்சி செய்வோரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் பலர் நடையை முடித்து நின்றதும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பர். அவர்கள் பார்ப்பது நேரத்தை அன்று. தம் இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதையே. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த இவ்வூரில் உங்கள் இல்லத்திலும் இத்தகைய திறன்கடிகாரம் ஒன்று இருக்கக்கூடும். அது சில வேளைகளில் அதிர்ந்து, ‘இதயத் துடிப்பு மிகுந்துள்ளது’ என்று அறிவிக்கும். அவ்வறிவிப்பை எவ்வாறு புரிந்துகொள்வது?

என் மாணவி ஒருத்தி வகுப்பில் கூறிய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தந்தை புதுக் கடிகாரம் வாங்கியதால் பழையதைத் தாய் அணிந்திருந்தார். ஒருநாள் மாலை, திருநெல்வேலியிலுள்ள ஆச்சியுடன் தொலைபேசியில் பேசியபடி அவர் அமர்ந்திருந்தபோது கடிகாரம் அதிர்ந்தது. பத்து நிமிடங்களாக அசையாதிருந்தும் துடிப்பு 110ஐத் தாண்டியுள்ளது என்று அதில் எழுத்துகள் தோன்றின. “பழைய கடிகாரந்தானே, பழுதாகியிருக்கும்” என்று அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டார். மறுநாளும் அதே அறிவிப்பு வந்தது. தந்தையோ கைப்பேசியில் எதையெதையோ தேடிப் படித்து, மாரடைப்பு என்றே அஞ்சிவிட்டார். ஒருவர் நம்பவே இல்லை. மற்றவர் அளவுக்கு மீறி நம்பினார்.

அம்மாணவி என்ன செய்தாள் தெரியுமா? தாயை ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்தாள். பெருவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே, மணிக்கட்டின் உட்புறத்தில் தன் இரு விரல்களை மெல்ல வைத்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் எண்ணினாள். 57 துடிப்புகள், நிமிடத்திற்கு 114. ஓய்வாக இருக்கும் பெரியவர்க்கு 60 முதல் 100 வரை இருப்பதே இயல்பு. எனவே, கடிகாரம் பழுதாகவில்லை.

மருத்துவர் இதய மின்வரைபடம் எடுத்தார். அதில் துடிப்பு விரைவாக இருந்ததன்றி வேறு குறை இல்லை. குருதிச் சோதனையில்தான் உண்மை புலப்பட்டது: தாய்க்கு இரத்தச்சோகை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைந்தால், உடலின் தேவையை நிறைவு செய்ய இதயம் விரைந்து இயங்குகிறது. படியேறும்போது மூச்சு வாங்கியதையும் ஓயாத களைப்பையும் வீட்டுவேலை மிகுதியால் வந்தவை என்றே அவர் எண்ணியிருந்தார். நம் தாய்மார் பலரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை உள்ளது.

கடிகாரம் எவ்வாறு எண்ணுகிறது? அதன் அடிப்புறத்தில் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். சிவப்பு நிறக் குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும்தோறும் மணிக்கட்டில் குருதி மிகும். அப்போது திரும்பிவரும் ஒளி குறையும். இந்த ஏற்றத்தாழ்வையே கருவி எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், தோலில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்குத் தவறலாம். ஓடும்போது காலடிகளையே துடிப்பாகக் கருதிவிடுவதும் உண்டு. ஓட்டத்தில் துடிப்பு உயர்வது இயல்பு என்பதால், உடல் அசையாதிருக்கும்போது உயர்ந்தால் மட்டுமே எச்சரிக்குமாறு இதை அமைத்துள்ளனர். ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தில் இவ்வசதி 2017இல் வந்தது. காய்ச்சல், அச்சம், நீர்க்குறைவு, மிகுதியாக அருந்திய காப்பி, தைராய்டுச் சுரப்பு மிகுதல் ஆகியவற்றாலும் துடிப்பு உயரும். எது காரணம் என்பது கடிகாரத்திற்குத் தெரியாது.

எண்ணுவதற்குக் கடிகாரத்தை நாடியது இன்று நேற்றன்று. ஜான் பிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணி, 1707இல் அதைப்பற்றி நூல் எழுதினார். நம் சித்த மருத்துவரோ எண்ணிக்கையைவிட நாடியின் நடையையே நோக்கினர். ஆள்காட்டி விரலால் வாதத்தையும், நடுவிரலால் பித்தத்தையும், மோதிர விரலால் ஐயத்தையும் உணர்வது அவர்கள் மரபு. எண்வகைத் தேர்வுகளுள் நாடியும் ஒன்று. ‘நாடி’ என்னும் சொல் தெலுங்கிலும் வழங்குகிறது. உங்கள் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வின்போது இவ்வறிவிப்பு மீண்டும் மீண்டும் வந்தால், விரலால் எண்ணிக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது; உடனே 108ஐ அழைக்க வேண்டும். கடிகாரம் அறிவிக்கவில்லை என்றாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

அந்தத் தாய் இரும்புச்சத்து மாத்திரை உண்டு வந்தார். மகள் ஞாயிறுதோறும் அவர் நாடியை எண்ணி, தமிழ்ப் பயிற்சியேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: 110, 106, 98, 92, 84. பாட ஏட்டில் கணக்கு எதற்கு என்று நான் கடிந்துகொண்டபோதுதான் இக்கதை வெளிவந்தது.

சொற்பொருள்
ஐயம் – கபம். குருதி – இரத்தம். உயிர்வளி – ஆக்சிஜன். கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்

பயிற்சி
1. தாய், தந்தை இருவரும் அறிவிப்பை எவ்வெவ்வாறு ஏற்றனர்? உம் சொற்களில் எழுதுக.
2. ‘நாடி’ என்னும் சொல்லைப் பெயராகவும் வினையெச்சமாகவும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
3. இல்லத்தில் ஒருவரின் நாடியை அமர்ந்திருக்கும்போதும், மாடிப்படி ஏறியபின்னும் எண்ணி எழுதுக. அவர் கூறியதையும் இரண்டு வரிகளில் சேர்க்க.