கீல் சிறிது, காவல் பெரிது

செஞ்சியை அடுத்த தளவானூருக்குச் சென்றவர்கள், அங்கே பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட பல்லவர் காலத்துக் கோயிலைக் கண்டிருப்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்த அக்கோயிலுக்குச் சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர். அப்பெயரை அங்குள்ள கல்வெட்டே நமக்கு அறிவிக்கிறது. கல்லில் வெட்டிய சாசனத்திற்குக் கதவு வேண்டியதில்லை. நமது பஞ்சாயத்துக்களின் தீர்மானப் புத்தகமும் வரிப் பதிவேடுகளுமோ காகிதத்தில் எழுதப்பட்டவை. எலியும் சாரலும் அவற்றை அணுகாமல் காப்பது அலமாரி. அந்த அலமாரியின் கதவைத் தாங்குவது கீல். ஆகவே, கீலைப் பற்றிச் சிறிது ஆராய்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும், வீட்டில் விதைகளையும் பத்திரங்களையும் அலமாரியில் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் பயனுடையதாகும்.

நான் முன்பு பணியாற்றிய ஒன்றியத்தில், ஒரு பஞ்சாயத்து நல்ல மரத்தில் அலமாரி ஒன்று செய்வித்தது. வேலை செய்தவர் உள்ளூர் ஆசாரி, கைத்திறன் மிக்கவர். இரண்டு மழைக்காலங்கள் கழிவதற்குள் அதன் கதவு தொங்கிப் போயிற்று. மூட முடியாத கதவின் வழியே எலி நுழைந்து, வீட்டு வரிப் பதிவேட்டின் பல பக்கங்களைக் கடித்துவிட்டது. தம் வீட்டிற்கு ஆண்டுதோறும் வரி செலுத்தியதற்கு அத்தாட்சி வேண்டி ஒரு மூதாட்டி வந்தபோது, காட்டுவதற்கு ஏடு இல்லை. அலமாரியைச் சோதித்துப் பார்த்தேன். மரத்தில் குறையில்லை, பொருத்துக்களும் நெகிழவில்லை. கீல்கள் மட்டும் மெல்லிய தகட்டால் ஆனவை. திருகாணிகள் குட்டையானவை, துருவேறியவை. ஆசாரியைக் கேட்டபோது, "மதிப்பீட்டில் 'கீல் முதலியன' என்று மட்டுந்தான் இருந்தது, ஐயா. வாங்கிக் கொடுத்ததைப் பூட்டினேன்" என்றார். குற்றம் அவருடையதன்று என்பது எனக்கு அப்பொழுதே விளங்கிற்று.

நிற்கும் கதவும் தொங்கும் கதவும்

நம் பழைய வீடுகளின் கதவுகள் குடுமியில் சுழன்றன. கதவின் மேலும் கீழும் நீண்ட குடுமிகள் நிலையிலும் வாயிற்படியிலும் உள்ள குழிகளில் பொருந்தியிருக்கும். கதவின் பாரம் முழுவதையும் வாயிற்படி ஏற்றுக்கொண்டது. கீல் பூட்டிய கதவு அவ்வாறு நிற்பதில்லை, பக்கவாட்டில் தொங்குகிறது. மேல் கீலை அது வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை உள்ளே அழுத்துகிறது.

இந்த இழுப்பை எளிதாகக் கணக்கிடலாம். கதவின் எடையை அதன் அகலத்தில் பாதியால் பெருக்கி, இரு கீல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். கதவின் எடை 12 கிலோ, அகலம் 50 செ.மீ., கீல்களின் இடைவெளி 100 செ.மீ. என்று கொள்வோம். மேல் கீலை 3 கிலோ விசை இழுக்கும். இடைவெளியை 50 செ.மீ. ஆகக் குறைத்தால் அதுவே 6 கிலோ ஆகிவிடும். 30 கிலோ எடையுள்ள சிறுவன் ஒருவன் திறந்த கதவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால், 100 செ.மீ. இடைவெளி இருந்தபோதிலும் மொத்த இழுப்பு 18 கிலோ ஆகும். இதனைத் தாங்க வேண்டியவை மேல் கீலின் சில திருகாணிகளே. கீல்களை மேலும் கீழுமாக நன்கு தள்ளிப் பூட்ட வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

கீலுக்கு இரண்டு தகடுகள், அவற்றை இணைக்கும் குழல், குழலுக்குள் ஓர் ஊசி ஆகிய உறுப்புக்கள் உண்டு. வாங்குமுன் கீழ்க்கண்டவாறு சோதித்தல் நலம்.

1. ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் ஊசி குழலுக்குப் பொருந்தவில்லை என்பது பொருள். திறக்கும்போது தடையின்றியும், அதே சமயம் தளர்ச்சியின்றியும் சுழல்வதே நல்ல கீல்.

2. கையால் அழுத்தினால் வளையும் தகடு வேண்டாம். திருகாணித் துளைகளின் வாய் சரிவாகக் குடையப்பட்டு, ஆணியின் தலை தகட்டோடு சமமாகப் படிய வேண்டும். தலை துருத்தி நின்றால் கதவு முழுதும் மூடாது.

3. பித்தளை என்று சொல்லித் தருவதைக் காந்தத்தால் சோதியுங்கள். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம்; அதன் தகட்டைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் அது மெருகு பூசிய இரும்பு. ஊசி மட்டும் எஃகாக இருப்பதும் உண்டு, அது குறையாகாது.

4. இந்தியத் தர நிர்ணய அமைவனம் கீல்களுக்குத் தரம் வகுத்துள்ளது. எஃகுக் கீலுக்கு ஐ.எஸ். 1341, பித்தளை முதலிய இரும்பல்லாத உலோகக் கீலுக்கு ஐ.எஸ். 205 என்பவை அவ்வெண்கள். பொதுப் பணத்தில் வாங்கும்போது இவற்றைக் குறிப்பிட்டுக் கேட்பது முறை.

உலர்ந்த இடத்திற்குக் கனமான இரும்புக் கீல் போதும். சாரல் படும் அறைக்கும் கடலோர ஊர்களுக்கும் பித்தளையோ, துருப்பிடிக்காத எஃகோ ஏற்றது. துவர்ப்புச் சத்து மிகுந்த மரத்தில் ஈரம் பட்டால் இரும்பு கறுத்துக் கறை படியும். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போடுவதும் தவறு. ஈரத்தில் இரும்பு விரைவில் அரிக்கப்பட்டுவிடும்.

இக்காலத்தில் வெளியே தெரியாத வில் கீல்கள் கிடைக்கின்றன. அவை பலகைத் தூள் அட்டையில் செய்யும் இலேசான கதவுகளுக்கு உகந்தவை. அவற்றிற்குக் கதவில் 35 மி.மீ. அகலமுள்ள குழி குடைய வேண்டும். குறுகிய மரச் சட்டத்தில் அத்தகைய குழி சட்டத்தையே பலவீனப்படுத்தும். ஆகவே, பதிவேட்டு அலமாரிக்குச் சாதாரணத் தகட்டுக் கீலே சிறந்தது.

பூட்டும் முறை

3 அடி உயரம் வரையுள்ள கதவுக்கு 2 கீல்கள் போதும். அதற்கு மேல் 5 அடி வரை 3 கீல்கள் தேவை. மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் ஏறக்குறைய ஒரு கீலின் நீளம் விட்டுப் பொருத்தலாம். தகட்டின் கனத்திற்குச் சரியாக உளியால் மரத்தைச் செதுக்கி, தகடு மரத்தோடு சமமாகப் படியச் செய்ய வேண்டும். ஆழம் மிகுந்தால் கதவு கீல் பக்கம் நெருக்கி, மூட மறுக்கும்.

திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அடித்த ஆணியின் மரை மரத்தைப் பற்றுவதில்லை. ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளையைத் துறப்பணத்தால் இட்டு, பிறகு திருக வேண்டும். பித்தளைத் திருகாணி மென்மையானது. முதலில் அதே அளவுள்ள இரும்பு ஆணியைத் திருகி எடுத்துவிட்டு, சிறிது மெழுகு தடவிப் பித்தளை ஆணியைச் செலுத்தினால் தலை முறியாது. மழைக்காலத்தில் மரம் உப்பும் என்பதால், கதவைச் சுற்றி அரை நூல், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இடைவெளி விட வேண்டும்.

கதவு மூடியிருக்கும்போது திருகாணிகள் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால், பூட்டு திண்டுக்கல்லில் செய்த உயர்ந்த பூட்டாயினும் பயனில்லை. திருடன் பூட்டைத் தொடாமல் கீலைக் கழற்றிக் கதவைத் திறந்துவிடுவான்.

மதிப்பீட்டில் ஒரு வரி

அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அலமாரிக்கு மதிப்பீடு அங்கீகரிக்கும்போது 'கீல் முதலியன' என்ற சொற்களை ஏற்காதீர்கள். கீல் எந்த உலோகம், எத்தனை அங்குலம், எத்தனை எண்ணிக்கை, திருகாணி எந்த உலோகம், எவ்வளவு நீளம் என்று தனி வரியில் எழுதச் செய்யுங்கள். ஆசாரியையும் அழைத்து, அவர் கருத்தைக் கேட்டு எழுதுங்கள். இதனால் கூடும் செலவு அலமாரியின் மொத்த விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைக்கும்போது அலுவலக அலமாரியையும் மறவாதீர்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே கீலின் ஊசிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, தளர்ந்த திருகாணிகளை முறுக்கிவிடலாம். கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது. அம்மூதாட்டியைப்போல் இனி எவரும் தம் ஊர் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பாதிருக்க, இந்தக் கால் மணி நேரத்தை நாம் மனமுவந்து அளிப்போமாக.