அம்பாசடரா, பத்மினியா?

கேள்வி: அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக, பழைய நான்கு கதவுக் கார் ஒன்று வாங்க ஆசை. அம்பாசடரா, பிரீமியர் பத்மினியா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: அம்பாசடர். எனக்கு இதில் தயக்கமே இல்லை. ஃபியட் 1100 வழிவந்த பத்மினி அழகி, ஓட்டவும் லேசு. ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும். அம்பாசடரில் சீட் உயரம் என்பதால் அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். 2014 வரை தயாரான வண்டி. உதிரி பாகங்களுக்கு அதிகம் அலைய வேண்டாம்.

1990களில் வந்த இசுசு 1800 பெட்ரோல் எஞ்சின் வண்டியைத் தேடுங்கள். ஐந்து கியர், திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் திணறாது.

பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. எஞ்சின் வேலை கைக்கு அடங்கும், டிங்கரிங் செலவு அடங்காது.

இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது, மாற்றிவிடுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால், எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்த்தபிறகே முன்பணம் கொடுங்கள். பின்சீட்டில் பெல்ட் பெரும்பாலும் இருக்காது. பிள்ளைகளை ஏற்றுமுன் அதைப் பொருத்திவிடுங்கள்.