திருமுக்கூடல் சுவரில் ஒரு வரவு செலவுக் கணக்கு

வங்கி என்றவுடன் இரும்புக் கம்பிக் கதவும், பணப்பெட்டி அறையும், தடுப்புக்கு அப்பால் அமர்ந்த காசாளரும் நம் நினைவுக்கு வருவர். இத்துறையில் காஞ்சிக்குத் தனிப்பெருமை உண்டு. 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம், அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில்தான் தோன்றியது. ஆயினும் பொன்னும் நெல்லும் வாங்கிக் கணக்கு வைத்த கட்டடங்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு இருந்தன. அவையே நம் கோயில்கள். அவற்றுள் ஒன்றைப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் கண்டேன்.

வேங்கடேசப் பெருமாள் கோயிலின் முதல் திருச்சுற்றில், கிழக்குச் சுவரில், 55 வரிகளில் ஒரு கல்வெட்டு உள்ளது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. முதலில் வருவது மன்னனின் போர்ப்புகழ். அதை விரும்புவோர் அங்கேயே நிற்கலாம். என் கண் நின்றது அதன் பின்வரும் கணக்கில்தான்.

வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இக்கோயிலுக்கு உரியது. அது எதற்கு எவ்வளவு என்று நெல்லாகவும் காசாகவும் பிரித்து எழுதியுள்ளனர். பூசை, விளக்கு, திருவிழா மட்டுமன்று. சனநாத மண்டபத்தில் 60 பேருக்கு உணவு. அவர்களுள் இருக்கு வேதம் கற்போர் 10 பேர், யசுர் வேதம் கற்போர் 10 பேர், இலக்கணம் கற்போர் 20 பேர். ஆண்டில் 51 சனிக்கிழமைகளுக்குத் தலைக்கு எண்ணெயும் உண்டு! நம் விடுதி நண்பர்கள் இவ்வரியைக் கவனிப்பார்களாக.

வீரசோழன் என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோருக்கும் பங்கு உண்டு. வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன.

இதனை வங்கி என்றே சொல்லிவிடலாமா? அது மிகை என்பது என் கருத்து. இந்தக் கல்வெட்டு கூறுவது செலவுத் திட்டமே. இதில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. வட்டியைக் காண வேண்டுமானால் தஞ்சைக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் காசுகளை ஊர்ச்சபைகள் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாகச் செலுத்தின. காஞ்சியிலும் இம்முறை இருந்ததை உத்தம சோழனின் செப்பேடு காட்டுகிறது. அங்கே கோயிற் பொன்னை வட்டிக்குப் பெற்றவர்கள் நகரத்துச் சேரிகளில் வாழ்ந்த மக்கள். கோயிற் காரியத்தைக் கண்காணித்தவர்களுள் நெசவாளரும் இருந்தனர்.

ஆனால் ஒரு வகையில் திருமுக்கூடல் சுவர் இன்றைய வங்கிக் கட்டடத்தை மிஞ்சுகிறது. வங்கியின் சுவர் பேரேட்டை உள்ளே வைத்து மறைக்கிறது. இங்கே சுவரே பேரேடு. மருத்துவருக்குரிய நெல்லில் ஒரு கலம் குறைந்தாலும், எழுத்தறிந்த எவரும் அந்த வரியைத் தொட்டுக் காட்டிக் கேட்டிருக்க முடியும். தாளில் எழுதியதை மாற்றலாம். கல்லில் திருத்தினால் வடு தெரியும்.

கோயில் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பழையசீவரத்தில் இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் ஊர் வந்துவிடும். வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் சென்றால் எழுத்துகள் நன்கு தெரியும்.