கொட்டிய இடத்தை அப்புறம் பாருங்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருவரைத் தேனீ கொட்டினால், வெற்றிலைக் கடையிலிருந்து உடனே சுண்ணாம்பு வந்து சேரும். நல்ல மனத்தோடு கொடுப்பதுதான். வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். சுண்ணாம்பு விஷத்தை முறிக்காது, எரிகிற தோலை மேலும் புண்ணாக்கும்.

முதல் வேலை, அங்கிருந்து நகர்வது. தேனீ கொட்டும்போது விடும் வாசனை மற்ற தேனீக்களையும் கூட்டி வரும். கையை வீசி விரட்டாமல், முகத்தை மூடிக்கொண்டு ஏதாவது கடைக்குள் விரைந்து போங்கள்.

அடுத்து, ஆளைக் கவனியுங்கள். மூச்சுத் திணறுகிறதா? உதடோ நாக்கோ வீங்குகிறதா? குரல் கம்முகிறதா? உடம்பெங்கும் தடிப்போடு வாந்தியோ தலைசுற்றலோ வருகிறதா? உடனே அவசர மருத்துவ வண்டிக்கு 995-ஐ அழையுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டு போதும், சில நிமிடங்களில் நிலைமை முற்றிவிடும். அவரிடம் அட்ரினலின் ஊசிப்பேனா இருந்தால் தொடையின் வெளிப்பக்கம், கால்சட்டைக்கு மேலாகவே குத்தலாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். டான் டோக் செங் மருத்துவமனை பக்கத்தில்தானே, டாக்சி பிடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். வழியில் மோசமானால் டாக்சிக்காரரால் என்ன செய்ய முடியும்?

ஆள் நலமாக இருந்தால் கொடுக்கைப் பாருங்கள். தேனீ விட்டுப்போகும் கொடுக்கோடு நச்சுப்பையும் ஒட்டியிருக்கும். அது விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சுரண்டுவதா, கிள்ளுவதா என்று யோசிக்காமல் சட்டென்று எடுத்தெறியுங்கள். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுப்போகாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். அரிப்புக்குச் செட்டிரிசின் போன்ற மாத்திரையை மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். மூச்சுத் திணறலுக்கு அது மருந்தல்ல.

புல் வெட்டும்போது குளவிக்கூடு கலைந்து பல இடங்களில் கொட்டு வாங்கியவர், தெம்பாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சிறுநீர் கறுத்தால் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மேலாளர் என்ன சொல்வாரோ என்று பயந்து தொழிலாளர் விடுதியில் படுத்துவிடாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் அவசர சிகிச்சைதான்.

நாய் உண்ணி வேறு கதை. எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். கடித்த இடத்தைக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொசுக்கடிக்கு முதலுதவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொசு பரப்பும் நோய் வருகிறதா என்று அடுத்த இரண்டு வாரம்தான் கவனம் தேவை. சிங்கப்பூரில் உள்ளூரிலேயே பரவிய முதல் சிக்குன்குனியா 2008 ஜனவரியில் இதே லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட் வட்டாரத்தில்தான் தெரியவந்தது. 2020-இல் டெங்கி 35,000 பேருக்கு மேல் தொற்றியது. எனவே காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். டெங்கியாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல் இறங்கியதும் வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள், டெங்கி முற்றுவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். குழந்தையென்றால் கேகே மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.