சென்னையில் 6 லட்சமா, தஞ்சாவூரில் 4.5 லட்சமா? சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கணக்கு

2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் டைடல் நியோ பார்க் திறந்தாச்சு. சொந்த ஊரிலேயே ஐ.டி. வேலை என்பது இப்போ நிஜமான ஒரு வாய்ப்பு. ஆனால் சம்பளம் குறைவா இருந்தா போகலாமா? அதை முடிவு செய்யும் விவரங்களை இன்டர்வியூவிலேயே கேட்டு வாங்கிடலாம்.

என்னென்ன ரவுண்ட் வரும்?

1. ஆன்லைன் டெஸ்ட்: ஆப்டிட்யூட், ஒன்றிரண்டு கோடிங் கேள்விகள். அர்ரே, ஸ்ட்ரிங் நல்லா பழகிட்டுப் போங்க.

2. டெக்னிக்கல்: ரெஸ்யூமேயில் எழுதினதைத்தான் தோண்டுவாங்க. எஸ்.க்யூ.எல். ஜாயின், ப்ராஜெக்ட்டில் உங்கள் பங்கு என்ன என்பதெல்லாம் வரும். விடை தெரியலைன்னாலும் யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லுங்க. நீங்க எப்படி யோசிக்கிறீங்க என்பதையும் பார்ப்பாங்க.

3. மேனேஜர் ரவுண்ட்: வேலையை ஏன் மாத்துறீங்க, டீமில் சிக்கல் வந்தா என்ன செய்வீங்க?

4. எச்.ஆர்.: இப்போ சி.டி.சி. எவ்வளவு, எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீங்க. பே ஸ்லிப் கேட்பாங்க.

6 லட்சம் என்பது மாசம் 50,000 இல்லை

ஒரு உதாரணம் பார்ப்போம். பேசிக் 50%, அதாவது வருஷம் ₹3,00,000. சி.டி.சி.யில் இருந்து முதலில் கழிவது:

• கம்பெனி பங்கு பி.எஃப். (பேசிக்கில் 12%): ₹36,000
• கிராஜுவிட்டி (4.81%): ₹14,430
• வேரியபிள் பே (10% என்று வைப்போம்): ₹60,000

மீதி ₹4,89,570. மாசம் சுமார் ₹40,800. அதில் உங்கள் பங்கு பி.எஃப். ₹3,000, தொழில் வரி சுமார் ₹200 போனால் கைக்கு வருவது ₹37,600. வருமான வரி? 2025-26 புதிய வரி முறையில் ₹12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை.

இதே கணக்கில் 4.5 லட்சத்துக்குக் கைக்கு வருவது சுமார் ₹28,100.

சென்னையில் வாடகை, சாப்பாடு, மாசம் ஒரு தடவை உழவன் எக்ஸ்பிரஸ்ஸில் ஊருக்கு வர்றது எல்லாம் சேர்த்து ₹15,000 என்றால் மிச்சம் ₹22,600. தஞ்சாவூரில் அம்மா கையில் ₹5,000 கொடுத்தாலும் மிச்சம் ₹23,100. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

அப்போ ஊரிலேயே இருந்திடலாமா? அவசரப்படாதீங்க. அடுத்த கம்பெனி உங்க பழைய சி.டி.சி.யை வச்சுத்தான் பேரம் பேசும். எந்த டெக்னாலஜியில் வேலை, யார்கிட்ட கத்துக்கப் போறீங்க என்பதை டெக்னிக்கல் ரவுண்டிலேயே கேளுங்க. மிச்சம் ஒரே அளவுன்னா, கத்துக்கிற இடம்தான் ஜெயிக்கணும்.

எச்.ஆரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

• ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு? போன வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?
• பி.எஃப். முழு பேசிக்குக்கா, ₹15,000 வரம்புக்கா?
• பாண்ட் இருக்கா? ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பீங்களா?
• நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?

சம்பளப் பிரிப்போடு ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல், இருக்கிற வேலையில் பேப்பர் போடாதீங்க. வேலை தர முன்பணம் கேட்டால், அது வேலையே இல்லை, மோசடி.

உங்க ஆஃபரை எடுத்து வச்சு, மேலே உள்ள கணக்கை இன்னைக்கே ஒரு தடவை போட்டுப் பாருங்க!